நீ அனுப்பிய ஸ்பீக்கரும் அப்பாவின் மூன்று வரியும்

என் குட்டிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், அப்படியே எழுதிவிட்டேன், கடைசி வரை படித்துவிட்டு அந்த வார்த்தையை எவ்வளவு நம்புவது என்று நீயே பார்த்துக்கொள். உனக்கு அந்த இருமல் விட்டதா, வேலைக்குப் போகும்போது காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு போகிறாயா என்றெல்லாம் தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போனில் பேசினால் அப்பா எதிரிலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், மெசேஜ் அனுப்பினால் அதையும் எடுத்துப் படிப்பார், அதனால் அவர் காலையில் நடக்கப் போகிற நேரமாகப் பார்த்து மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு என்கூடப் பேச இஷ்டமில்லன்னா நான் எதுக்கும்மா வாராவாரம் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணணும் என்று குரல் மெசேஜ் அனுப்பினாய், சொன்ன மாதிரியே மூன்று ஞாயிறாகக் கூப்பிடவும் இல்லை. உன்மேல் தப்பு சொல்ல மாட்டேன். நீ அந்த ஸ்பீக்கரை அனுப்பியது பாட்டு கேட்க இல்லை என்று எனக்குத் தெரியாதா. இரண்டு வருஷமாக, நல்லா இருக்கியா, இந்தா அம்மாகிட்ட பேசு என்று சொல்லிப் போனை என் கையில் திணிக்கிற மனுஷர், ஸ்பீக்கர் என்றாலாவது வாய் திறப்பார் என்று பார்த்தாய். முப்பது வருஷம் மியூசிக் சிஸ்டம் விற்கிற கடையில் நின்று, எந்தப் பெட்டியானாலும் கேட்டுத் தீர்ப்பு சொல்லி, தராசு என்று பட்டப்பெயரே வாங்கியவர் ஆயிற்றே. கடைசியில் உனக்கு வந்தது மூன்று வரி, அதையும் தட்டி அனுப்பியது நான். அந்த மூன்று வரி எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெட்டி வந்த அன்று அப்பா சின்னப் பிள்ளை மாதிரிதான் இருந்தார். அட்டையைக் கிழிக்காமல் கத்தியால் பதமாகப் பிரித்தார், பெட்டியைத் தூக்கிப் பார்த்து கனம் இருக்கு என்றார், பின்னால் ஒரே ஒரு ஒயர்தான் என்று பார்த்துவிட்டு, நம்ம பழைய செட்டுக்கு எட்டு ஒயர், உனக்கு இனிமே தூசி தட்டுற வேலை மிச்சம் என்று என்னைக் கிண்டல் செய்தார். மாடி வீட்டு நர்ஸ் இறங்கி வந்து என் போனோடு அதைச் சேர்த்துக் கொடுத்தாள். ஒரு பாட்டு வரிசையை ஓட விட்டேன், அப்பா நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், நான் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். போகும்போது வழக்கம்போலப் போனைத் துணிக்கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். போன் தூரமாகப் போனால் ஸ்பீக்கர் நின்றுவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. அரை மணி கழித்து இறங்கி வந்தேன். வீட்டில் மின்விசிறி சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பெட்டியில் விளக்கு மட்டும் எரிகிறது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். குட்டி, நான் கூடையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். என் நிழல் பட்டோ என்னவோ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்து, குரல் தெளிவா இருக்கு, அந்த டம் டம் கீழ்ச் சத்தம் கொஞ்சம் தூக்கல், மொத்தத்துல நல்ல பெட்டி, பாப்பாவுக்கு எழுதிடு என்றார். அதைத்தான் அன்று சாயங்காலம் அப்படியே உனக்கு அனுப்பினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் நான்கு நாள் அவரைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன், சமையலறையில் வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போட்டேன், திரும்பவில்லை. எனக்கு ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. டிவி பார்த்தால் கண் வலிக்கிறது என்று நிறுத்தியது, கூட்டமான இடத்துக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்தது, நான் பேசும்போது மட்டும் முகத்துக்கு நேரே வந்து நிற்பது. இந்த வயதில் இந்த மனுஷருக்கு என்மேல் இவ்வளவு ஆசையா என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டது வேறு. கூப்பிட்டால் திரும்பாத ஜென்மம் என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன், அதையெல்லாம் இப்போது நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. ஐந்தாம் நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது முகத்துக்கு நேரே பார்த்து, உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா என்று கேட்டுவிட்டேன். என் கையிலிருந்த கத்தியைப் பார்த்துக்கொண்டே, கேக்கல, ரொம்ப நாளா கேக்கல என்றார். யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் கேட்டேன், தராசுன்னு பேரு வச்சுக்கிட்டு இதை எப்படி வெளிய சொல்றது என்றார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இடது காது முழுதாகப் போய்விட்டது, வலது காதில் கால்வாசி இருக்கிறது, நான்கைந்து வருஷமாகவே தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது என்றார். கணக்குப் பார்த்துக்கொள், இரண்டு வருஷம் முன்னால் நீ கிளம்பிய அன்று விமான நிலையத்துக் கூச்சலில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னவோ சொன்னாய், அவர் திரும்பாமல் நடந்தார், என் பேச்சைக் கேட்காமல் போகிறாளே என்ற கோபம் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். காதில் வைக்கிற மிஷின் வாங்கியாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு நான் பேசியதைக் கேட்டுவிட்டு, தகரத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு, இதை எந்தக் கடையிலயும் வைக்க விட்டிருக்க மாட்டேன் என்று தீர்ப்பு சொன்னார். அதைப் போட்டுக்கொண்டாவது உன்னிடம் பேசச் சொல்லிக் கெஞ்சினேன். மாட்டேன் என்றார். அவ குரல் என் ஞாபகத்துல எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், இந்தத் தகரத்துல அதைக் கேக்க என்னால முடியாது என்றார். 

ஸ்பீக்கர் விஷயத்துக்கு வருகிறேன், முப்பது நாளுக்குள் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தாய் அல்லவா. அப்பா என்னை உட்கார வைத்துத் தீர்ப்பு சொல்லச் சொன்னார். அவர் கேள்வி கேட்பார், நான் கேட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சத்தத்தைக் குறைச்சு வை, வார்த்தை புரியுதா என்றார், புரிந்தது. அடுத்த ரூமுக்குப் போய்க் கேளு என்றார், அங்கேயும் புரிந்தது. பாடுறவங்க மூச்சு இழுக்குறது கேக்குதா என்றார், இத்தனை வருஷத்தில் அதை நான் கவனித்ததே இல்லை, கேட்கிறது. முழுச் சத்தம் வைத்தால் கத்துகிறது. சுவர் மூலையில் வைத்தால் டம் டம் என்று அடைத்துக்கொள்கிறது, இரண்டு சாண் முன்னால் இழுத்து வைத்ததும் சரியாகிவிட்டது. பழைய செட்டில் வயலின் ஒரு பக்கமும் டிரம் ஒரு பக்கமும் நிற்கும், இதில் எல்லோரும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்த மாதிரிதான் வருகிறது. ஆனால் பழைய செட்டுக்கு நடுவில் ஓர் இடம் பார்த்து உட்கார வேண்டும், இதற்கு அது வேண்டாம், வீட்டில் எங்கே நின்றாலும் ஒரே மாதிரி. பொத்தான் கிடையாது, மேலே தடவுவதுதான், ஈரக் கையோடு தடவினால் மதிக்க மாட்டேன் என்கிறது. போன் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதுதான் பெரிய குறை, அது உனக்கே இப்போது தெரியும். கடைசியாக, பாட்டு போதும், நமக்கு நல்லாத் தெரிஞ்ச குரல் ஒண்ணைப் போடு என்றார். கடையிலும் அவர் வழக்கம் அதுதானே, ஏழு வயதில் நீ வாய்ப்பாடு சொன்ன கேசட்டைத்தான் எந்தப் பெட்டியிலும் முதலில் போடுவார், ஏழெட்டு எவ்வளவு என்று நீ திணறுகிற இடத்தில் வாடிக்கையாளர்கள் விடை சொல்வார்களாமே. என் போனில் உன் குரலாக இருந்தது அந்தக் கோப மெசேஜ் ஒன்றுதான். அதைப் போட்டேன். நீ பேசினது வீடு முழுக்கக் கேட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, குரல் எப்படி இருக்கு என்றார். அசல் அவளேதான், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது என்றேன், அது பொய்யில்லை. என்ன சொல்றா என்றார். நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்குறா என்றேன். சாப்பிட்டேன்னு சொல்லிடு, பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இதை உனக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாள் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார், அதை நான் மீறிவிட்டேன். நீ ஓடி வர வேண்டாம், லீவு கிடைக்கும்போது வா, வந்து அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசு, உதட்டைப் பார்த்துப் பாதிக்கு மேல் புரிந்துகொள்கிறார். பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஏதாவது எழுதி அவரைச் சங்கடப்படுத்திவிடாதே, இது உனக்குத் தெரிந்ததாகவே நீ காட்டிக்கொள்ள வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீ நினைத்ததெல்லாம் நல்லபடி நடக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் மறந்துவிடாதே. மணிச் சத்தம் பிடிக்கவில்லை என்று சொல்லி என் போனை வெறுமனே அதிர்கிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதை மேஜையில் வைத்து மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருவார், அதிர்ந்ததும் வந்துட்டா என்று என்னைக் கூப்பிடுவார். போன மூன்று ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடக் கையை எடுக்கவில்லை. வருகிற ஞாயிறு கூப்பிடு கண்ணு, என்னோடு பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் அடிக்க விடு.

உன் அம்மா