ஆழம் சொல்கிறவள்

மார்ச் 3, செவ்வாய்

வீட்டை வாடகைக்குக் கேட்டு இன்றும் ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் என் சமையலறை அலமாரிகளைத் திறந்து திறந்து மூடினாள். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக என் வீட்டுக்காரர் சொல்லியனுப்பினார். ஓய்வு பெற்ற கையோடு பாய்மரப் படகு வாங்கினார். இப்போது வீட்டை விட்டுவிட்டு அதிலேயே குடியிருக்க வேண்டுமாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெள்ளியன்று கடலோரக் கால்வாயில் ஒரு நாள் போய்ப் பார்ப்போம், அப்புறம் சொல் என்கிறார்.

மார்ச் 5

நாளைக்கு எடுத்து வைத்தது: ரொட்டி, தண்ணீர், தொப்பி, வாந்தி மாத்திரை. மகள் போனில், "அப்பாவைக் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றாள். நான் எப்போது போகவில்லை?

மார்ச் 6, வெள்ளி

அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

காலையில் நன்றாகத்தான் இருந்தது, அதையும் எழுதிவிட வேண்டும். இன்ஜினை நிறுத்திப் பாய் விரித்ததும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். இரு பக்கமும் நாணல், மணல்திட்டுக்கு அப்பால் கடல். இங்கேயே இருந்துவிடலாமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

மீட்டரைப் பார்த்து ஆழம் சொல்வது என் வேலை. சுக்கான் கேப்டனிடம். (இவரை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம்.) எங்கள் படகுக்கு ஒன்றரை மீட்டராவது தண்ணீர் வேண்டும். மூன்று, இரண்டே முக்கால் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வளைவில் எதிரே இவருடைய படகுச் சங்க நண்பர் வந்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆழமில்லாத இடத்தைக் காட்டும் சிவப்பு மிதவையைச் சுற்றிப் போகாமல் குறுக்கே விட்டார்.

"ரெண்டு" என்றேன். "ஒண்ணே முக்கால்."

"ஆள் முன்னாடி தொணதொணன்னு... வாயை மூடிட்டு உக்காரு."

மூடிக்கொண்டேன். மீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படகு சத்தமே இல்லாமல் சேற்றில் உட்கார்ந்தது.

என்னாச்சு என்று நண்பர் கத்திக் கேட்டார். இவர் சொன்ன பதில்: "இவ மீட்டரைப் பாக்காம தூங்கிட்டா." நண்பர் சிரித்தார். இவரும் சிரித்தார்.

கடல் ஏறிக் கால்வாயில் தண்ணீர் கூடும்வரை, சாயங்காலம்வரை, சாய்ந்த படகில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ரொட்டி எடுத்துக் கொடுத்தேன். அதையும் கொடுத்தேனே, என்ன பொம்பளை நான்? கடைசியில், "நான் தூங்கினேனா?" என்று கேட்டேன்.

"பின்ன அவன்கிட்ட என்ன சொல்லச் சொல்றே?"

இதானே... கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதானே. வீடாவது பரவாயில்லை, கோபம் வந்தால் போய் உட்கார இன்னொரு அறை இருக்கிறது. அந்தப் படகில் எங்கே போவேன்?

மார்ச் 7

மதியம் தானாக வந்து, "தண்ணி வத்துற நேரத்தைப் பாத்திருக்கணும்" என்றார். தப்பு தண்ணீருடையதாம்.

மார்ச் 8, ஞாயிறு

படகுத்துறைக்கு நானும் போனேன். இவர் ஏறி இன்ஜினைப் போட்டுவிட்டு, "ஏறு. ஆழம் யாரு சொல்லுவா?" என்றார்.

"மீட்டர் உங்க பக்கமும் தெரியும்."

கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை நானே அவிழ்த்து, சுருட்டி, அவர் கையில் போட்டேன். முழித்தார். துறையில் ஆட்கள் நின்றார்கள், அதனால் திரும்பிச் சுக்கானைப் பிடித்தார். படகு நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தம்பதிக்குப் போன் பண்ணி, வீடு வாடகைக்கு இல்லை என்றேன். "ரெண்டு பேரும் படகுல குடியிருக்கப் போறதா சார் சொன்னாரே?" என்றாள் அந்தப் பெண்.

"ஒருத்தர்தான்" என்றேன்.