பொத்தான் தொப்பியும் லட்ரீஸின் தலையும்

பர்மிங்ஹாம், அலபாமா
ஏப்ரல் 9, புதன்கிழமை

அன்பு மகள் ஒடெட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. நீ சுகமா என்று கேட்டால் சுகம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய், அதனால் அந்த மினியாபொலிஸ் குளிரில் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன், முதலில் அதற்குப் பதில் எழுது. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்பேன். இந்தத் தடவை கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும்.

நீ சர்ச் கீழ்த்தளத்தில் ஆரம்பித்துவைத்த சனிக்கிழமை மூளை வகுப்பு நன்றாகவே நடக்கிறது, எட்டுப் பெண்கள் தவறாமல் வருகிறார்கள். லட்ரீஸைச் சொல்லவே வேண்டாம், வாராவாரம் கம்ப்யூட்டர் திரை வழியாக உன்னைக் கேள்வி கேட்டே களைக்கவைக்கிற அந்தப் பதினேழு வயதுப் பெண்தான். கோடைக்காலம் முழுக்க நீ மூளை ஆராய்ச்சி செய்கிற உங்கள் லேபில் இருந்து வேலை பழக ஒரே ஓர் இடம் என்றும், அதற்குத் தன் மூளை அலையைத் தானே பதிவு செய்து இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்றும் நீதான் அவளுக்குச் சொன்னாய். அந்தப் பதிவு என்ன பாடுபட்டு வந்தது என்று உனக்குத் தெரியாது. நான் சொல்லாமல் யார் சொல்வார்கள், தப்பு செய்தவளே நான்தான்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிற டெரல் என்கிற நம் சர்ச் பையன் மெஷினோடு வருகிறான், பிள்ளைகளின் தலையைப் பார்க்கப் போகிறார்கள் என்று பாஸ்டர் அறிவித்தார். தலையைப் பார்க்க வருகிறார்கள் என்றால் தலை பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை என் சலூனை மூடிவிட்டு எட்டுப் பேரையும் வரிசையாக உட்காரவைத்து, ஈஸ்டருக்குச் செய்கிற மாதிரி முடிக்குப் போடுகிற கிரீஸைத் தாராளமாகத் தடவி, இடைவெளியே தெரியாமல் மண்டையோடு ஒட்ட நெருக்கிப் பின்னிவிட்டேன். எட்டுத் தலையும் அப்படி மின்னின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டெரல் வழவழவென்று மழித்த தலையோடு வந்தான். மூளை அலையைப் பிடிக்கிற சின்னச் சின்னப் பொத்தான்கள் தைத்த தொப்பி ஒன்றை முதலில் தானே மாட்டிக் காட்டினான், திரையில் கோடுகள் அழகாக ஓடின. அடுத்தது லட்ரீஸ். கோடா அது, கோழி கிளறியது போல இருந்தது. அடுத்த பெண்ணுக்கும் அப்படித்தான், அதற்கடுத்தவளுக்கும். உன் அப்பா கதவருகே நின்றுகொண்டு, மொட்டைக்கு மட்டுந்தான் மூளை இருக்கும் போல, நான் அப்பவே சொன்னேன், நம்ம கறுப்பு ஆளுங்கள டாக்டருங்க தேடி வந்தா நல்லதுக்கு இல்லன்னு, என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவருடைய மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் கேட்காமலே மருந்து கொடுத்துச் சோதித்ததை நினைத்தால் அவரையும் குறை சொல்ல முடியாது. டெரலுக்கு வியர்த்துவிட்டது. பொத்தான் தோலைத் தொடணும் மேடம், முடி தடுக்குது, கிரீஸ் வழுக்குது, எங்க கேம்பஸ்லயும் இப்படித்தான், வரலைன்னா பேரை அடிச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க, என்றான். அஞ்சு மணிக்கு மெஷின திருப்பிக் கொடுத்தாகணும், லட்ரீஸ் வேணும்னா என்னோட பதிவை எடுத்துக்கட்டும், என்று மெதுவாகச் சொன்னான். லட்ரீஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அது உங்க மூளை, என் மூளையப் பத்திதானே கேட்டிருக்காங்க, என்றாள். எழுதி அனுப்பத் திங்கட்கிழமை கடைசி நாள். ராத்திரி பன்னிரண்டு மணி வரை நின்று நான் செய்த வேலை அவள் வாய்ப்பைக் கெடுத்துவிட்டதே.

அப்புறம் உனக்குத் தெரியுமே, எனக்கு ஒன்று புரியவில்லை என்றால் கை சும்மா இருக்காது. அந்தப் பொத்தான் எங்கெங்கே தொடணும், காட்டுப்பா, என்றேன். அவன் ஒரு தாளில் வட்டம் போட்டுப் புள்ளி வைத்தான். முன்நெற்றியில் தொடங்கிப் பிடரி வரை நேர்வரிசையாகப் புள்ளிகள், பக்கத்தில் இன்னொரு வரிசை, இன்னொன்று. பார்த்ததும் சிரித்துவிட்டேன். இது வகிடுப்பா, இதைத்தான் நாற்பது வருஷமா எடுத்துக்கிட்டிருக்கேன், என்றேன். லட்ரீஸை இழுத்துக்கொண்டு சர்ச் சமையலறைக்குப் போய்ப் பின்னலை அவிழ்த்து, கிரீஸ் போகப் பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டுத் தலையைக் கழுவினேன். சிஸ்டர் யூனிஸ் மீன் பொரிக்க மாவு கலக்கிக்கொண்டிருந்தவள், வெர்னெட்டா, இது அடுப்படியா பியூட்டி பார்லரா, மீன்ல முடி கெடந்தா உன் பேரைத்தான் சொல்லுவேன், என்று திட்டினாள். சொல்லிக்கோ போ, என்றேன். பொத்தான் உட்கார வேண்டிய இடமெல்லாம் தோல் தெரிகிற மாதிரி அகல வகிடு எடுத்து, நடுவில் இருந்த முடியை வரிசைவரிசையாக இறுக்கிப் பின்னினேன். உன் அம்மா பின்னியதிலேயே அசிங்கமான பின்னல் அதுதான். நான்கு மணி இருபதுக்குத் தொப்பி மாட்டினோம். ஒடெட், கோடுகள் டெரலுக்கு ஓடியதைவிடச் சுத்தமாக ஓடின. உன் அப்பா கதவை விட்டு எப்போது திரைக்கு முன்னால் வந்தார் என்றே தெரியாது.

அதில் ஒன்றை நீ எனக்கு விளக்க வேண்டும். கண்ணைத் திறந்திருந்தால் கோடு சின்னதாக நடுங்குகிறது. கண்ணை மூடச் சொன்னதும் பின்தலையில் பெரிய பெரிய அலை, ஒரே சீராக வருகிறது. பார்க்கிற வேலையே இல்லாதபோது ஏன் அலை பெரிதாக வேண்டும்? ஓய்வெடுக்குது மேடம், ஆனா முழுக் காரணம் யாருக்கும் இன்னும் தெரியாது, என்றான் டெரல். அப்படியானால் நான் ஜெபத்தில் கண்ணை மூடும்போதும் இப்படித்தானா? ஒருத்தி தலையை நான் வருடும்போது அவளுக்கு என்ன ஆகிறது? உங்கள் ஆட்கள் யாராவது இதையெல்லாம் பார்த்திருக்கிறார்களா? அன்றிலிருந்து இதே நினைப்பு, ஒரு அம்மாளுக்குச் சாயத்தைக் கூடுதல் நேரம் விட்டுவிட்டேன்.

இனி நான் கேட்க வந்தது. லட்ரீஸுக்கு இடம் கிடைத்த செய்தி நேற்று வந்தது, சலூனுக்குள் ஓடிவந்து என்னைத் தூக்காத குறை. அங்கேயே உட்கார்ந்து உங்கள் லேப் பக்கத்தைப் போனில் திறந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். மூளை அலைப் பதிவுக்கு ஆட்கள் தேவை என்று ஓர் அறிவிப்பு, கீழே தொடர்புக்கு உன் பெயர். உன் பெயரைப் பார்த்ததும் கை தட்டினோம். கடைசி வரியில் அவள் குரல் இறங்கிவிட்டது. அடர்ந்த சுருள் முடியோ பின்னலோ உள்ளவர்கள் கலந்துகொள்ள இயலாது என்று இருந்தது. மிஸ் வெர்னெட்டா, அப்போ மிஸ் ஒடெட்டோட தலையையே அங்க சேத்துக்க மாட்டாங்களா, என்று கேட்டாள். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டே, அந்த ஊர் வழக்கம் அதுன்னா நான் முடிய ஒட்ட வெட்டிக்கிட்டே போறேன், முதல் நாளே எடஞ்சலா நிக்க வேணாம், என்றாள். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

எனக்குக் கோபமில்லை மகளே, வலித்தது உண்மை, ஆனால் கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்த வரியை எழுதியது யார்? நீ வருவதற்கு முன்பே இருந்ததா? அதைத் தட்டச்சு செய்தபோது உன் கை நின்றதா, இல்லை எல்லோரும் எழுதுவதுதானே என்று போய்விட்டதா? நேரமில்லை, பேராசிரியர் அவசரப்படுத்துகிறார் என்றால் அதையும் எழுது, நான் புரிந்துகொள்வேன். டெரல் புள்ளி வைத்த தாளும், எந்த வகிட்டில் எந்தப் பொத்தான் என்று நான் குறித்ததும் இத்துடன் இருக்கிறது. ஒரு தலைக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, உனக்கு ஒரு மணி ஆகலாம், அவ்வளவுதான்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் படிப்பை ஆசீர்வதிப்பாராக. அப்பா முத்தம் அனுப்பச் சொன்னார், அடுத்த முறை மெஷின் வந்தால் அவர்தான் முதல் ஆளாம். காதை மூடிக்கொண்டு வெளியே போ, வாரம் ஒருமுறை தலைக்கு எண்ணெய் வை. கடிதம் மூன்று நாளில் உன் கைக்கு வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கே எழுது. அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வந்து என் நாற்காலியில் உட்காரும்போது, கத்திரியை எடுப்பதா சீப்பை எடுப்பதா என்று நான் அவளைத்தான் கேட்பேன்.

உன் அம்மா,
வெர்னெட்டா