துருப்பிடிக்காத எஃகைச் சோதித்தவளுக்கு

இன்று காலை எலுமிச்சை ஊறுகாய் இருந்த எவர்சில்வர் டப்பாவைக் கழுவினேன். உள்ளே, அடியோரத்தில் ஊசிமுனை அளவுக் குழிகள். உப்பும் புளிப்பும் சேர்ந்து அரித்திருந்தன. விரலால் தடவியபடி, குழாயைக்கூட மூடாமல் நின்றுவிட்டேன். நீ போனபின் வரும் இரண்டாவது மழைக்காலம் இது.

நாம் வேலை பார்த்த அணுசக்தி ஆய்வுக்கூடத்தில் குமரி மாவட்டத்துப் பெண்கள் நாம் இருவர்தான். உன் ஊர் கடலோரத்து இனயம், என் ஊர் சுசீந்திரம். உன் பேச்சின் இழுவையைக் கேட்டு மற்றவர்கள் மலையாளியா என்பார்கள். அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வைக்கும் தொட்டிக்கு எஃகு தேர்வது நம் வேலை. வெறும் அமிலத்தில் கொதிக்கவிட்டபோது தகடு பளபளப்புக் குறையாமல் வந்தது. அது போதும், கையெழுத்துப் போடு என்றார் பிரிவுத் தலைவர். நீ மறுத்துவிட்டு என்னிடம் வந்தாய்.

"வெறும் ஆசிட்டுல நிக்கும் மக்கா. கதிர்வீச்சு சாமானெல்லாம் கலந்து கெடக்கதுல நிக்குமா? பாக்காம எப்பிடி ஒப்புப் போட?"

தடித்த கண்ணாடிக்கு அப்பால், இயந்திரக் கைகளால், உண்மையான கரைசலிலேயே தகடுகளைப் போட்டாய். மாதக்கணக்கில் காத்திருந்தாய். எடுத்தபோது வெறுங்கண்ணுக்குப் பெரிய மாற்றமில்லை. நுண்ணோக்கிப் படத்தில்தான் தெரிந்தது: வெல்டிங் ஓரத்தில், எஃகு உருவாகியிருக்கும் நுண்மணிகளுக்கு நடுவே பள்ளம் விழுந்திருந்தது, சில மணிகள் உதிர்ந்தே போயிருந்தன. கரைந்திருந்த கதிரியக்கத் தனிமங்கள் அமிலத்தின் அரிப்பைக் கூட்டியிருந்தன. தொட்டிக்கு வேறு எஃகு வந்தது. தாமதத்துக்கு உன்னைக் குறை சொல்லி வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். நீ அழுததை நான் மட்டுமே பார்த்தேன்.

சில ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோய் வந்தது. நீ சட்டையில் குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்கும் அட்டை ஒருநாளும் வரம்பு மீறிக் காட்டியதில்லை. உன் ஊர்க் கடற்கரை மணலிலும் இயற்கையாகவே கதிர்வீச்சு உண்டு. மருத்துவர் எதையும் காரணமாகச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர்ல எல்லாரும் அந்த வேலதான்னு சொல்லுதாவ. உங்க ஆபீஸ்காரங்க இல்லங்காவ. நீயாவது சொல்லு மக்கா."

தெரியாது அம்மா என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவர் பிடியை விடவில்லை.

ஓய்வு பெற்று நாகர்கோவிலுக்கு வந்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் உன் அம்மா போனில் அழைப்பார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதேயில்லை.

"நீ ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தியா மக்கா?" என்பார்.

பார்த்தேன், ஒன்றுமில்லை என்பேன். அது உண்மைதான். இருந்தும், நான் நலமாயிருப்பதை ஒவ்வொரு முறையும் உன் அம்மாவிடம் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலத்தான் சொல்கிறேன்.