ஆஸ்பத்திரிக்கு நீ வர வேணாம்னு சொன்ன காரணம்

லோஷினி,

நேத்து "நீ கூட வர வேணாம்"னு நான் ஒரே பேச்சா சொன்னதும் கதவ சாத்திக்கிட்டு சாப்பிடாமலே படுத்துட்ட. காரணத்த சொல்லாதது என் தப்புதான்.

இன்னைக்கு ஸ்கேனுக்காக எனக்குக் கதிரியக்க மருந்து ஊசியில ஏத்துவாங்க. இன்னைக்குப் பூரா கர்ப்பிணிங்க பக்கத்துல ரொம்ப நேரம் இருக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்க. உனக்கு ஏழு மாசம். பயந்துருவன்னு வாய மூடிக்கிட்டேன்.

"அல்ட்ராசவுண்ட்லயே ஒண்ணும் தெரியல, இதுல மட்டும் தெரியுமா?"ன்னு கேட்ட. தெரியும் லா. பாராதைராய்டுன்னு கழுத்துல அரிசி அளவுல நாலு சுரப்பி இருக்கு. அதுல ஒண்ணு அளவுக்கு மீறி வேல செஞ்சு, என் எலும்புல உள்ள கால்சியத்த ரத்தத்துல கொட்டுது. இந்த மருந்து அந்தச் சுரப்பியிலதான் அதிக நேரம் தங்குமாம். இடம் தெரிஞ்சிட்டா கழுத்த முழுக்கத் தேட வேணாம், டாக்டர் அங்க மட்டும் சின்னதா அறுத்து எடுத்துருவாரு. அந்தக் கால்சியத்தாலதான் ரெண்டு தடவ கிட்னி கல்லு வந்து துடிச்சேன். இந்தத் தடவ அந்தச் சுரப்பிய விடப் போறதில்ல.

ஜேபி ஆஸ்பத்திரிக்கு என் சிநேகிதி கெர்ட்ரூட் ஆன்ட்டி காருல போறேன். ராத்திரி அவங்க வீட்டுலயே படுத்துக்கிறேன். சோறு குக்கர்ல இருக்கு, நெத்திலி சம்பல் ஐஸ்பெட்டியில. கேட் சாவி டிவி பக்கத்துல.

அம்மா

மீன் குழம்பு மாப்பிள்ள குணாளனுக்கு. சிங்கப்பூர்ல இருந்து வந்ததும் அவரையே சூடு பண்ணிக்கச் சொல்லு, நீ நிக்காத.

நாளைக்குக் காலையில வந்துருவேன். கோவம் இன்னும் இருந்தா, என் மடியில தலைய வச்சுப் படுத்துக்கிட்டே திட்டு.