மணப்பெண் என்ற சொல்லுக்கு இரண்டு பிறப்பு

மார்ச் 4
ஆய்வுக்கு வழிகாட்டும் என் கைடு எனக்குச் சொல் ஒதுக்கிவிட்டார்: *நெவேஸ்தா. மணப்பெண். மூல ஸ்லாவியச் சொல்; அந்த மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. ரஷ்யன், செக், போலிஷ் என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத் தாயின் முகத்தை வரைகிறோம். வரைந்தது என்பதற்கு அடையாளமாக முன்னால் ஒரு நட்சத்திரம்.

20ஆம் தேதி துறைக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். தேறினால் முனைவர் பட்ட ஆய்வு இடம். இல்லையென்றால் வீடு.

மார்ச் 7
அம்மா போனில்: “என்னடி படிக்கிற இப்ப?”
“மணப்பொண்ணுக்கு ஒரு பழைய சொல்லும்மா.”
“சொல்லு கிடக்கட்டும். மாப்பிள்ளை எப்ப?”

மார்ச் 12
பெண்பால். ‘ஆ’வில் முடியும் பெயர்களோடு சேரும், இரண்டாம் வேற்றுமையில் அந்த ஆ மூக்கொலியாகிவிடும். இதில் சண்டை இல்லை. சண்டை சொல்லின் பிறப்பில்.

கைடு சொல்வது ‘அறியப்படாதவள்’: புகுந்த வீட்டுக்கு அந்நியள். எதிர் அறைப் பேராசிரியை சொல்வது ‘புதிதாக அழைத்துவரப்பட்டவள்’. முதலாவது ஒலி விதிகளுக்குச் சுலபமாகப் பொருந்துகிறது. ஆனால் ‘அந்நியள்’ என்பது கைடு தன் புத்தகத்தில் சொல்லும் கதைதான். சான்று தேடினேன். இல்லை.

மாணவர் தன் கைடின் கருத்தையே நிறுவுவது இங்கே எழுதாத சட்டம்.

மார்ச் 16
ஒன்றும் எழுதவில்லை. நானா போய் அவரை எதிர்ப்பது? கூட்டத்தில் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது.

மார்ச் 20
பேசினேன். இரண்டு கருத்தையும் முன்வைத்தேன். கைடு கேட்டார்: “சரிம்மா, உன் முடிவு?”
“ரெண்டுல எதையும் நிரூபிக்க முடியாது சார். உங்களோடது ஒலிக்கு ஒத்து வருது, பொருளுக்குச் சான்று இல்லை.”
“என் புத்தகத்தைப் படிச்சியா?”
“ரெண்டு தடவை சார்.”
யாரோ சிரித்துவிட்டார்கள். போச்சு! ஏன் அப்படிச் சொன்னேன்? கிண்டல் இல்லை அது, சத்தியமாகப் படித்தேன்.

மார்ச் 21
கைடு என் வணக்கத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 28
இடம் கிடைத்தது. கைடு தன் மாணவர் பட்டியலில் என் பெயரை விட்டுவிட்டாராம். எதிர் அறைப் பேராசிரியை எடுத்துக்கொண்டார். “என் கருத்தையும்தான் நீ ஒத்துக்கலை. அது ஞாபகம் இருக்கு,” என்றார், புன்னகை இல்லாமல்.

ஏப்ரல் 2
எதிர் அறை. ஜன்னல் இல்லை. புதுச் சொல்: கரடி. ‘தேன் தின்பவன்’ என்று பொருளாம்.

அம்மாவிடம் சொன்னேன்.
“பொண்ணு போயி கரடியா? சரி. அதையாவது ஒழுங்கா முடிச்சுட்டு வா.”
மூன்று வருடம் ஆகும் என்றேன்.