ஓடுகையில் அழைக்கலாகாது

கார்த்திகை 9, ஞாயிறு

காலையில் பனி கலந்த மழை. வெக்ஸ்போர்ட் நடைபாதை எல்லாம் நசநசப்பு.

அவையோரே, தாய்மாரே, என் குறையைக் கேளுங்கள்! நாற்பது ஆண்டு மேடை கண்டவன் நான். என் வாயை இன்று ஒரு நாய் அடைத்துவிட்டது.

(அவை ஏதும் இல்லை. நாட்குறிப்பையும் விளித்துத்தான் தொடங்க வருகிறது.)

நடந்தது: காலை எட்டு மணிக்கு யோகன் தன் பெண்நாய் பஞ்சுவை என்னிடம் விட்டுச் சென்றான். ஊரில் எங்கள் ஒழுங்கைக்காரன், ஒரே சந்தில் வளர்ந்தவன். இங்கே, புலம்பெயர்ந்த நாட்டில், பிறம்ரன் நகரில் பாரவூர்தி ஓட்டுகிறான். ஓய்வுச் சனிக்கிழமைகளில் முயல் வேட்டை. இப்போது தொலைமேற்கே கல்கரிக்குச் சரக்கு. போக வரப் பத்து நாள்.

அவன் சென்றதும் அடுத்த மாத நினைவுக்கூட்டத்துக்குரிய பேச்சைப் பயிலத் தொடங்கினேன். "எம் உறவுகளே!" என்றேன். பஞ்சு எழுந்து குளியலறைக்குப் போய்த் தொட்டிக்குள் நின்றுகொண்டாள். அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

லேர்ச்சர் என்கிறார்கள். தனி இனம் அன்று, கலப்பு. பந்தய நாயின் கால். மந்தை காக்கும் நாயின் அறிவு. மணல் நிறம், சொரசொர மயிர், ஆழ்ந்த மார்பு. தூய்மையைப் பேசியே வாழ்ந்தவன் நான். கலப்பில் இத்தனை அழகு என்பது ஓர் உறுத்தல்.

நேற்று யோகனுடன் போய் அவள் வேலையைப் பார்த்தேன். பிறம்ரனுக்கு அப்பால் ஒரு டச்சு முதியவரின் ஆப்பிள் தோட்டம். குளிர்காலத்தில் முயல்கள் இளங்கன்றுகளின் பட்டையைச் சுற்றிக் கறித்துவிடும், கன்று பட்டுப்போகும். ஆகவே யோகனுக்கு அங்கே எப்போதும் வரவேற்பு. வெட்டிப் போட்ட கிளைக் குவியல் ஒன்றின் அருகே பஞ்சு நின்றாள். ஒரு முன்காலைத் தூக்கினாள். குரைப்பு இல்லை. யோகன் குவியலை உதைத்தான். முயல் பாய்ந்தது, இவளும் பாய்ந்தாள். ஓசையே இல்லாத ஓட்டம். பிடித்ததைக் குதறவில்லை. உயிரோடு தூக்கிவந்து அவன் கையில் வைத்தாள். மீதியை அவன் கை ஒரு நொடியில் முடித்தது.

யோ. எழுதிக்கொள்ளச் சொன்னவை:
– ஓடுமுன் உணவு கூடாது. ஓடி, மூச்சு அடங்கிய பின்னரே.
– தோல் மெல்லியது. முள் பட்டாலே கிழியும்.
– ஒரு நாளில் இரண்டு ஓட்டம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் ஓட்டினால் மனம் விட்டுப் பாதியில் நிற்கப் பழகிவிடும்.
– அதட்டக் கூடாது. அதட்டினால் மூன்று நாள் முகம் தராது.
– கயிறு கழுத்து வளையத்தினூடே இரட்டையாகப் போகும். ஒரு முனையை விட்டால் நாய் விடுபடும்.

வாசலில் நின்று இன்னொன்று சொன்னான்.

"அண்ணை, இதை மட்டும் மறந்துபோடாதேங்கோ. ஓடேக்க கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் உவள் உங்களைப் பாப்பாள். உங்களைப் பாத்தால் முன்னுக்குப் பாக்கேலாது."

"நான் ஏன் கூப்பிடப் போறன்?"

"உங்கட தொண்டை சும்மா இருக்காது எண்டு ஒழுங்கை முழுக்கத் தெரியும்."

கார்த்திகை 11, செவ்வாய்

வெயில், ஆனால் சூடில்லை. பால், பாண், நாய்க்குக் கோழிக் கழுத்து வாங்க வேண்டும்.

நாள் முழுதும் உறக்கம். நீள் இருக்கை அவளுடையது. நான் சமையலறை நாற்காலியில். வீட்டில் பஞ்சேதான். வெளியில் ஓர் அணில் தெரிந்தால் போதும், உடல் முழுதும் இழுத்துக் கட்டிய நரம்பு.

லிஃப்டில் பரமேஸ் அன்ரி, ஐந்தாம் மாடிக்காரர்: "மாஸ்டர், உதுக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ? விலா எலும்பை எண்ணலாம்."

"உடல்வாகே அப்படித்தான் அன்ரி."

"அப்ப என்ர மருமகளுக்கும் உந்த உடல்வாகுதான்."

பேச்சுப் பயிற்சி இப்போது தரிப்பிடத்தில், காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு. ஊரில் படையினரின் குண்டுக்கு இரையான என் தம்பி நிலவனைப் பற்றிய பகுதி வழக்கம்போல் இறுதியில். 'முதுகில் அன்று, மார்பில் ஏந்தினான்!' அந்த இடத்தில் எப்போதும் கைதட்டல்.

திரும்பி வந்தேன். பஞ்சு பார்த்தாள், கையை அன்று, வாயை.

கார்த்திகை 15, சனி

வானம் சாம்பல். காற்று.

எழுத்து கோணல்.

கால் நீட்டி நடக்கட்டும் என்று மட்டுமே தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். வேட்டைக்கு அன்று, அனுமதிச் சீட்டு யோகனுடையது. கயிறு என் கையில்தான் இருந்தது. குவியலருகே அவள் முன்காலைத் தூக்கினாள். நான் உதைக்கவில்லை. முயல் தானாகவே எழுந்தது.

முனையை விட்டேன். ஏன் விட்டேன்? அந்த ஓட்டத்தை இன்னொரு முறை காண ஆசை. வேறு காரணம் இல்லை.

முயல் மேற்கு வேலியை நோக்கி ஓடியது. முள்கம்பி வேலி. அவள் அதைக் காணவில்லை என்று நினைத்தேன். "பஞ்சு!" கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் எட்டும் குரல். முழு ஓட்டத்தில் அவள் தலையைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு கம்பி.

அப்போதும் குரைக்கவில்லை, அழவில்லை. எழுந்து நின்று என்னிடம் நடந்து வந்தாள். மார்புத் தோல் ஒரு பக்கம் மடிந்து தொங்கியது. டச்சு முதியவர் துணி கொண்டுவந்தார். கூச்சல் கேட்டதே, யார் என்று வினவினார். தெரியாதென்றேன்.

விலங்கு மருத்துவரிடம் மூன்று மணி நேரம். பதினேழு தையல். எலும்பு முறியவில்லை. எப்படி நடந்தது என்று கேட்டார். "கம்பியைக் கவனிக்கவில்லை" என்றேன். யார் கவனிக்கவில்லை என்று சொல்லவில்லை.

கார்த்திகை 16, ஞாயிறு

வானிலை பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் மனிட்டோபாவைக் கடந்ததும் யோகன் அழைத்தான். அதே பொய்யைச் சொன்னேன். வண்டியின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டான்:

"தானா போய் அடிச்சவளோ?"

"ஓம்."

"அப்ப கண்ணில ஏதோ பிழை அண்ணை. கம்பி தெரியாத நாயை இனி ஓடவிடேலாது. அடுத்த முறை கழுத்தை அறுத்துப்போடும்."

பஞ்சு நீள் இருக்கையில் படுத்திருக்கிறாள். கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு. நான் செருமினாலே தலை உயர்கிறது. வீட்டின் இரு அறைகளிலும் எனக்கு இடமில்லை.

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

நிலவன் ஓடிக்கொண்டிருந்தான். குனிந்து, ஓசையின்றி. பின்னால் ஒழுங்கையில் படையினர். நான் கிணற்றடியில், அவன் என்னைக் கடந்துவிட்டான். அச்சத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பினான். என்னைப் பார்த்தான். மார்பில் ஏந்தினான் என்று ஆண்டுதோறும் முழங்குகிறேனே, அந்தக் காயம் மார்புக்கு வந்தது அவன் என் பக்கம் திரும்பியதால்.

கைதட்டல், கைதட்டல், கைதட்டல்.

நேற்று அந்த முகத்தை மறுபடி பார்த்தேன். நாயின் முகத்தில். இப்படி எழுதுவது தம்பிக்கு இழிவா? தெரியவில்லை. நேற்று முதல் இரண்டும் ஒரே முகம்.

கார்த்திகை 19, புதன்

தூறல். யோகன் வந்தான், குளித்துக்கூட இருக்கவில்லை. நேரே தரையில் அமர்ந்து பஞ்சுவின் வாயைத் திறந்து ஈறு பார்த்தான், தையல் பார்த்தான், கண்முன் விரலை ஆட்டிப் பார்த்தான்.

"ரெக்ஸ்டேலில ஒரு குடும்பம் நாய் கேட்டுக்கொண்டிருக்கு. நல்ல ஆக்கள். குடுக்கலாம். சோபாவில கிடக்கட்டும்."

"அது அவளுக்கு நல்லதுதானே?"

"என்ன அண்ணை நல்லது? ஓடப் பிறந்தது. ஜன்னலால வெளியில பாத்து நடுங்கிக்கொண்டு கிடக்கும்." பிறகு: "தையல் ஆறட்டும். ஒருக்கா ஓடவிட்டுப் பாத்திட்டுக் குடுக்கிறன்."

சொல்ல வாய் திறந்தேன். "தேநீர் குடிக்கிறியோ?" என்றேன்.

அவளைக் கொண்டுபோய்விட்டான். தொட்டியில் அவள் மயிர். கழுவவில்லை.

மார்கழி 7, ஞாயிறு

முதல் கனத்த பனி. மண்டபம் நிறைந்த கூட்டம். மாலை நான்கு மணிக்கு என் பேச்சு.

முன்பகுதி தடங்கலின்றி. பிறகு நிலவன். 'முதுகில் அன்று' வரை வந்தேன். அடுத்த சொல் வரவில்லை. ஒலிவாங்கியின் முன் நின்றேன். எவ்வளவு நேரமோ. முன்வரிசையில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். பிறகு எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். துயரம் என்று எண்ணிவிட்டார்கள். இறங்கிவிட்டேன்.

"அண்ணை, பேசாமல் நிண்டதுதான் இண்டைக்குத் திறம்" என்றான் ஒலி அமைப்பாளன்.

தரிப்பிடத்துக்குப் போய்க் காருக்குள் இருந்து யோகனை அழைத்தேன். நாயின் செய்தியைச் சொன்னேன். முழுதும். விட்டதும் நான், கத்தியதும் நான், பொய் சொன்னதும் நான்.

ஏசுவான் என்று காத்திருந்தேன்.

"தெரியும் அண்ணை."

"எப்படி?"

"நேற்று ஓடவிட்டனான். கண் நல்லாத்தான் இருக்கு. முயலுக்குப் பின்னால பாதி தூரம் போறாள், பிறகு திரும்பித் திரும்பிப் பாக்கிறாள். ஆரோ கூப்பிடப் போகினம் எண்ட மாதிரி. மூண்டு தரம். அப்பவே விளங்கீற்றுது." பிறகு: "உங்களுக்கு ஒண்டு சொல்லட்டே? அந்த மேற்கு வேலி அவளுக்குத் தெரியும். மூண்டு வருசமா அதைப் பாஞ்சு கடக்கிறாள். நீங்கள் சும்மா நிண்டிருந்தால் முயலோட திரும்பி வந்திருப்பாள்."

அதன்பின் அவன் பேசியது சரியாகக் காதில் விழவில்லை.

கிணற்றடிக்குப் பின்னே கிடுகு வேலியில் ஒரு பொட்டு, சிறு திறப்பு, இருந்தது. ஓராள் குனிந்து போகலாம். நிலவன் சிறுவயது முதல் அதனூடேதான் பள்ளிக்கு ஓடினான். கண்ணை மூடிக்கொண்டு போவான். அவனுக்கும் வழி தெரியும்; அன்று அதற்கு எட்டு அடி தூரந்தான் இருந்தது.

யோ. மறுபடி சொன்னதை எழுதி வைக்கிறேன்: "வாற சனி வாங்கோ. நீங்களே அவிட்டு விடுங்கோ. நான் விட்டால் சரிவராது. உங்கட குரலுக்குத்தான் பயம். திரும்பிப் பாக்கேக்க நீங்கள் நிக்கவேணும், சத்தம் வரக்கூடாது. அப்பதான் மறப்பாள். அண்டைக்கும் சரிவரேல்லை எண்டால் ரெக்ஸ்டேல்காரரைக் கூப்பிடுறன்."

மார்கழி 13, சனி

நண்பகல். தெளிந்த வானம், கடுங்குளிர். பனி கணுக்கால் வரை; அடியில் கெட்டி. ஓடலாம் என்கிறான் யோ.

தோட்டத்தின் வெளியே, காருக்குள். பேனாவின் மை உறைகிறது. முதியவர் வேலியோரம் நிற்கிறார். அவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

பஞ்சு யோகனின் வண்டியிலிருந்து இறங்கினாள். என்னை மோந்தாள். வாலை ஆட்டவில்லை, விலகவும் இல்லை. மார்பில் மயிர் முளைக்காத ஒரு கோடு.

"அண்ணை, வாயில ஏதும் வைச்சிருங்கோ. மிட்டாய் கிட்டாய்."

"தேவையில்லை."

"இல்லை, உங்களை நம்பேலாது."

ஒன்றைக் கையில் திணித்தான். புளிப்பு. வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.

முதற்குவியல் நூறு அடியில். அதற்கு நேர் மேற்கே அதே வேலி. வேறு பக்கம் விடலாமே என்றேன். "இல்லை, இதிலதான்" என்கிறான். கண்ணாடியைத் தட்டுகிறான்.

ஊராரை எல்லாம் எழு, எழு என்றவனே, இப்போது நீ எழு. கதவைத் திற. கயிற்றை வாங்கு. அவள் காலைத் தூக்கினால் காத்திரு. முயல் பாய்ந்ததும் முனையை விடு. அவள் திரும்பட்டும், வேலி நெருங்கட்டும், உன் நெஞ்சு வெடிக்கட்டும். வாயைத் திறக்காதே.

போ.