அண்ணன் வெட்டிய கூடம்

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்களோடு பேசாமல் இருந்து பழகிப் பார்த்தேன். முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் காட்டில் முந்திரிக் கன்று வைக்கப்போகிறார்கள். பட்டாளத்துச் சுரங்கத்தின் வாயைக் கல் கட்டி அடைக்கிறார்களாம். மாடு உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது என்று யாரோ மனுக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வெடிமருந்து வைக்க வெட்டிய சுரங்கம் அது. என் அண்ணன் அங்கே கூலிக்குப் போய்ப் பிக்காசு பிடித்தார். திரும்பி வந்தபோது இருமலும் கூடவே வந்தது. செம்பாறைத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். உள்ளே என்ன வெட்டினீர்கள் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்பதோடு அண்ணன் நிறுத்திக்கொள்வார். சண்டை முடிந்து பட்டாளம் கிளம்பியது. கொஞ்ச நாளில் அண்ணனும் போய்விட்டார். உங்கள் மகள் ராசாத்தி அப்போது வயிற்றில் இருந்தாள்.

நீங்கள் அழவில்லை. ஊர் அதைப் பேசியது. "அந்தக் குழிதான் எம்புருசன முழுங்குச்சு" என்று மட்டும் சொல்வீர்கள். விறகுக்குப் போனாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டீர்கள். அப்படிப்பட்ட நீங்கள், ராஜாவின் சமஸ்தானம் கலைந்த மறுவருஷச் சித்திரையில், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அரிக்கேன் விளக்கோடு என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"வாரியா, அங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வருவோம்."

"எங்க மதினி?"

"ஒங்கண்ணன் வெட்டுன குழிக்கு. எதுக்காக அந்த மனுசன் செத்தாருன்னு நான் பாக்கணும்."

"உள்ள குண்டு கெடக்கும்னு சொல்றாங்க மதினி."

"கெடந்தா கெடக்கட்டும். நீ வரலேன்னா நான் மட்டும் போறேன்."

உங்களைத் தனியே விட எனக்கு மனசு வரவில்லை; சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

சூரைமுள் மூடிக் கிடந்த வாயில் குனிந்து நுழைந்தோம். நரிப் பொந்து மாதிரி இருக்கும் என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். கொஞ்ச தூரத்தில் நிமிர்ந்து நடக்க முடிந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில், விளக்கை உயர்த்தினாலும் முகடு தெரியவில்லை. ஒரு லாரி தாராளமாகப் போகலாம். நம் காலடிச் சத்தம் எங்கோ போய், வேறு யாரோ நடந்து வருவதுபோல் திரும்பி வந்தது.

பிறகு அந்தக் கூடம். ஆவுடையார்கோவில் மண்டபத்தில் முதல்முறை நின்றபோதுகூட எனக்கு அப்படி மூச்சு அடைத்ததில்லை. உச்சியில் காற்றுக்காக விட்ட துவாரம் வழியே வெயில் ஒரே தூணாக இறங்கியது. மேலே நின்ற ஆலமரம் அதே துவாரத்தில் விழுதுகளை உள்ளே விட்டு, தரையில் ஊன்றியிருந்தது. சுற்றிலும் செம்பாறைச் சுவர் ஈரத்தில் மினுங்கியது. மனிதர் கையால் குடைந்தது என்று நம்பவே முடியவில்லை. நீங்கள் கும்பிடக் கையைச் சேர்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டீர்கள். யாரைக் கும்பிட நினைத்தீர்கள் மதினி?

கூடத்துக்கு அப்பால் போன வழியில் இரண்டு வளைவு தாண்டியதும் வௌவால்கள் மொத்தமாக முகத்துக்கு நேரே கிளம்பின. விளக்கு கை நழுவி உடைந்தது. அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. திரும்பித் திரும்பி, எந்தப் பக்கம் வந்தோம் என்பதே தெரியாமல் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுகாத. எங்கையப் பிடி. செவுத்தத் தொட்டுக்கிட்டே வா."

நடந்துகொண்டே இருந்தோம். சட்டென்று நின்றீர்கள்.

"இம்புட்டு நேரம் கொத்தெல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சிருந்துச்சு. இங்க மறுபக்கமாச் சாயிது. தொட்டுப் பாரு."

என் விரல்களை வைத்தீர்கள். பிக்காசு விழுந்த பள்ளங்கள், அடுத்தடுத்து, எல்லாம் எதிர்த் திசையில்.

"ஒங்கண்ணன் எடக்கைக்காரருதான" என்றீர்கள்.

உலகத்தில் வேறு இடக்கைக்காரர் இல்லையா என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். அந்த இருட்டில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நீங்கள் சுவரைத் தடவிக்கொண்டே போனீர்கள். கை எட்டும் உயரம் வரை தடவினீர்கள். "எட்டல. இன்னும் மேலயும் போகுது" என்றீர்கள். பிறகு சுவரைப் பார்த்துப் பேசினீர்கள்.

"இம்புட்டையும் செஞ்சுபோட்டு, ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டீங்களே."

அப்போதுதான் அழுதீர்கள். அது வெறும் துக்கமாக எனக்குக் கேட்கவில்லை. அந்தக் குரல் சுரங்கம் முழுக்க ஓடி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெரிதாகத் திரும்பி வந்தது. கூடம் அங்கேதான் இருக்கிறது என்று புரிந்தது. அந்தப் பக்கமே நடந்தோம். தூரத்தில் வெயில் தெரிந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் அதைக் குழி என்று சொன்னதே இல்லை. "அவரு வெட்டுன கூடம்" என்பீர்கள். ராசாத்தியைக் கூட்டிப்போக வேண்டும் என்றும் சொல்வீர்கள். அவள் பயந்தாள், பிறகு கல்யாணமாகிக் கறம்பக்குடிக்குப் போய்விட்டாள். நீங்கள் இருக்கும்போதே அவள் அதைப் பார்த்திருக்கக் கூடாதா?

நேற்று அடைப்பு வேலை மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். "திங்கக்கெழமதாங்க கல்லு வருது. அதுக்குள்ள பாத்துட்டு வந்துருங்க" என்றார். ராசாத்திக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறாள். பயம் இன்னும் இருக்கிறதாம். இருந்தும் வருகிறாள்.

அவளை நான் கூட்டிப்போவேன் மதினி. அப்பாவைப் பற்றிக் கேட்டால் வாசல் வரைக்கும் சொல்வேன். கூடத்துக்குள் நுழைந்ததும் வாயே திறக்க மாட்டேன். அவளே நிமிர்ந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார், ராசாத்தியின் அத்தை,
காளியம்மாள்